நிற்கப் பயந்த வண்டி



நம் ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் இருந்த கறுப்புத் திட்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஞாயிறுதோறும் அதே இடத்தில் வந்து நிற்கும் பிக்கப் வண்டியின் அடியிலிருந்து சொட்டிய எண்ணெய் அது. ஆராதனைக்கு வரும் தாய்மார் சேலைக் கரையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி நடப்பார்கள். பிள்ளைகள் மிதித்துவிட்டு வந்தால் ஆலயத் தரையில் கால்தடம் விழும். அதனால், "வாரம் ஒருமுறை அதன்மேல் கொஞ்சம் மண் போட்டுவிடுங்கள்" என்று ஆலய உதவியாளரிடம் சொன்னவன் நான்தான். ஓராண்டுக்கும் மேலாக மண் போட்டோம். அந்த வண்டிக்கு என்ன குறை என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்த வருத்தத்தோடுதான் இந்த வாரச் சிந்தனையை எழுதுகிறேன்.

வண்டியின் உரிமையாளர் நம் சபைச் சகோதரர். அவருடைய அனுமதியைப் பெற்றே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். காடாம்புலியூரைச் சுற்றியுள்ள தோப்புகளிலிருந்து பருவத்துக்குப் பலாவும் முந்திரிக்கொட்டையும் ஏற்றிப் பண்ருட்டிக்குக் கொண்டுபோவது அவர் தொழில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது அவருடைய தகப்பனாரின் முந்திரித் தோப்பு சாய்ந்தது. மரம் மறுபடி காய்க்கும்வரை காத்திருக்க இயலாமல், கடன் வாங்கி, ஏற்கெனவே பல கை மாறிய அந்த வண்டியை அவர் வாங்கினார். அன்றிலிருந்து ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அதுவே தோப்பு.

நமக்கும் அது எத்தனையோ விதத்தில் உதவியிருக்கிறது. கிறிஸ்துமஸ் பவனிக்குப் பாடகர் குழுவை ஏற்றிச் சென்றது அந்த வண்டி. கன்வென்ஷன் பந்தலுக்கு நாற்காலிகளைச் சுமந்தது அந்த வண்டி. நம்மில் மூன்று குடும்பத்தாருக்கு, அன்பானவரைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் அதுவே. ஒருமுறையும் அவர் வாடகை கேட்டதில்லை. நாமும் கொடுத்ததில்லை.

ஒரு சொட்டில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு. அதாவது 72 மில்லிலிட்டர். மாதக் கணக்கில் அது 2 லிட்டருக்கு மேல். ஓடும் வண்டியில், எண்ணெய் சூடாகி இளகியிருக்கும்போது, கசிவு இன்னும் கூடும். சகோதரர் இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஓர் எண்ணெய் டப்பா வைத்திருந்தார். காலையில் அளவுக்கம்பியை உருவிப் பார்ப்பார், குறைந்திருந்தால் ஊற்றுவார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். வீட்டாருக்குக்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

லெந்து நாட்களின் நான்காம் வாரத்தில் ஒரு மாலை, முந்திரிக்கொட்டை மூட்டைகளோடு பண்ருட்டி நோக்கிப் போகும் வழியில், ஒரு பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. எஞ்சின் உறுமியது; சக்கரம் சுழலவில்லை. பின்னால் ஒரு பேருந்து. வண்டி மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து, கைபிரேக்கையும் இழுத்துப் பிடித்து, உதவியாள் குதித்துப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்ததால் ஒருவருக்கும் சேதமில்லை. அன்று இரவு அவர் மெக்கானிக்கிடம் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, வண்டிக்காக ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். ஜெபித்தேன். பிறகுதான், காலம் கடந்து, "வண்டிக்கு என்ன?" என்று கேட்டேன். அவர் அழுதுவிட்டார்.

மறுநாள் இருவருமாக அவருடைய வழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். முப்பது ஆண்டுகளாக டீசல் எஞ்சின்களோடு வாழ்கிற பாய் அவர். சொட்டுகிற இடத்தைக் காட்டியதும் அவர் ஸ்பேனரை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ ஒரு வாளி மண்ணெண்ணெயும் தூரிகையும் எடுத்தார். எஞ்சினை மேலிருந்து கீழ்வரை கழுவினார். துடைத்து, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் தூவினார். பிறகு எஞ்சினை ஓட விட்டு, டார்ச் விளக்கோடு அடியில் படுத்துக்கொண்டார்.

எனக்கு நெகேமியாவின் நினைவு வந்தது. எருசலேமின் இடிந்த அலங்கத்தைக் கட்ட வந்தவர், வந்தவுடனே கல் எடுத்து வைக்கவில்லை. மூன்று நாள் பொறுத்து, இரவில் எழுந்து, சிலரை மாத்திரம் கூட்டிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்தார். கட்டுவதற்கு முன் பார்த்தார். பழுதுபார்த்தல் என்ற நம் தமிழ்ச் சொல்லிலும் 'பார்த்தல்' இருக்கிறது. நாமோ அந்தப் பாதியை விட்டுவிட்டுப் பழுதை மட்டும் மூட விரைகிறோம்.

எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். ஆகவே ஈரமாயிருக்கும் எல்லாவற்றிலும் மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ள இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும் என்றார் பாய். டப்பெட் கவர் பேக்கிங்கில் சிறு கசிவு இருந்தது, அது பெரிதில்லை. சம்ப் பேக்கிங்கிலும் இருந்தது. ஆனால் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் இருந்த சிறு துளையிலிருந்து வந்த எண்ணெயை அவர் விரலில் தொட்டு முகர்ந்தார். கியர் எண்ணெயாயிருந்தால் தடித்து, கந்தக நெடி அடிக்கும். இது எஞ்சின் எண்ணெய். அப்படியானால் கிராங்க் தண்டின் பின்முனையில் உள்ள ஆயில் சீல் போய்விட்டது. அதன் பின்னால்தான் ஃப்ளைவீலும் கிளட்சும் இருக்கின்றன. பாலத்து ஏற்றத்தில் சக்கரம் சுழலாததன் காரணம் அதுதான்: கிளட்ச் பிளேட் எண்ணெயில் நனைந்து வழுக்கியது. வேப்பமரத்தடியில் நாம் மண் போட்டு மூடிய அதே எண்ணெய்.

"பாய், அடியில படுத்து கியர்பாக்ஸை மட்டும் இறக்கி, சீலை மாத்திட முடியாதா?" என்று கேட்டார் சகோதரர். கேட்டதில் நியாயம் உண்டு. சீலின் விலை சில நூறு ரூபாய்தான். ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். பாய் பதில் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளிருந்து ரயில் எஞ்சின் போலக் குபுகுபுவென்று புகை வந்தது. பிறகு பிரீதர் குழாயைக் கழற்றிக் காட்டினார். கரி அடைத்துக் கிடந்தது.

"தம்பி, சீல் கெட்டது உண்மை. ஆனா சீல் மட்டும் கெடல. ரிங் தேஞ்சு, எரியுற காத்து கீழ இறங்குது. அது வெளிய போற வழியும் அடைச்சிருக்கு. அந்த அழுத்தம் எங்கேயாவது வெளிய வந்துதானே ஆகணும்? நான் புது சீல் போட்டா ஆறு மாசத்துல அதையும் தள்ளிடும்."

அவர் சொன்னதைக் கேட்டபோது என் மனம் நம் நெய்வேலிச் சுரங்கத்துக்குப் போனது. 1935ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வந்த கதையும், 1956ல் நிறுவனம் தொடங்கிய கதையும் நாம் பள்ளியிலேயே கேட்டவை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்தின் தரையைக் கனமாகப் பூசிவிட்டால் அந்த நீர் அடங்கிவிடாது. தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் இரவும் பகலும் குழாய்க் கிணறுகள் வழியே நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அந்த இறைப்பினால் நம் விவசாயிகளுக்கு ஏற்படும் கவலை தனியே பேச வேண்டிய பெரிய காரியம். இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உள்ளிருக்கும் அழுத்தத்தை விசாரிக்காமல் வெளித்துளையை அடைக்கிறவன், அடுத்த துளைக்கு வழி செய்கிறான்.

பிரியமானவர்களே, குடும்பங்களைச் சந்திக்க வரும்போது நான் பெரும்பாலும் துளையைத்தான் பார்த்திருக்கிறேன். குடிக்கிற கணவனைக் கண்டு, "குடியை விடு" என்றேன். பிள்ளையை அடிக்கிற தாயிடம், "பொறுமையாயிரு" என்றேன். அவை தவறான ஆலோசனைகள் அல்ல. புது சீல் தவறான பொருள் அல்ல என்பது போல. ஆனால் எந்தக் கடன், எந்த அவமானம், எந்தப் பயம் உள்ளே அழுத்துகிறது என்று எத்தனை முறை கேட்டேன்? மூச்சுவிட இருந்த ஒரே வழியும் அடைபட்டுப் போயிற்றா என்று பார்த்தேனா? ஆறு மாதம் கழித்து அதே வீட்டில் வேறொரு இடத்தில் கசிவு வந்தபோது, "இத்தனை சொல்லியும் திருந்தவில்லையே" என்று மனம் கசந்தேனே தவிர, என் வேலை பாதியில் நின்றதை உணரவில்லை.

எஞ்சினை இறக்குவது என்று முடிவாயிற்று. பாட்டரி இணைப்பை எடுத்தார்கள். தண்ணீரையும் எண்ணெயையும் வடித்தார்கள். பானட்டும் ரேடியேட்டரும் வெளியே வந்தன. கழற்றிய டீசல் குழாய்களின் வாயில் தூசு புகாமல் துணி கட்டினார்கள். ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய துண்டுக் காகிதம். ஒவ்வோர் இடத்து போல்ட்டுக்கும் தனித்தனி டப்பா. கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கிப் பின்னுக்கு நகர்த்தினார்கள். மூன்று இரும்புக் குழாய்களைக் கூடாரம் போல நிறுத்தி, அதில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள எஞ்சினை அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். அது அந்தரத்தில் தொங்கியபோது சகோதரரின் முகத்தைப் பார்த்தேன். வீட்டின் கூரையைப் பிரித்தெடுப்பதைக் கண்டவர் போல நின்றார்.

பிரித்தபின் மூன்று காரியங்களைப் பாய் எங்களுக்குக் காட்டினார். அவை மூன்றையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கிராங்க் தண்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தால் தொட்டு உணரக்கூடிய ஒரு பள்ளம். சீலின் விளிம்பு மென்மையான ரப்பர்; தண்டோ உருக்கு. விளிம்பில் மாட்டிய நுண்ணிய தூசு, பல ஆண்டு சுழற்சியில் உருக்கையே அரித்திருந்தது. இந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை புதிய சீல் போட்டாலும் கசியும். லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அளந்து பார்த்து, தேய்ந்த இடத்தின்மேல் மெல்லிய உருக்கு வளையம் ஒன்றை இறுக்கிப் பொருத்தினார்கள். நாள்தோறும் ஒரே இடத்தில் உரசுகிற சிறு சொல்லும் மனிதருக்குள் இப்படித்தான் பள்ளமிடுகிறது. "ஒரு வார்த்தைதானே சொன்னேன்" என்கிறோம். ஒரே இடத்தில் எத்தனை ஆண்டுகளாகச் சொன்னோம்?

இரண்டாவது காரியம்தான் என்னை அதிர வைத்தது. முன்பு எப்போதோ சம்ப் கசிந்தபோது, பேக்கிங்கைச் சரியாக மாற்றாமல் சிலிக்கான் பசையை யாரோ தாராளமாக அப்பியிருந்தார்கள். வெளியே பிதுங்கியது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியதோ துண்டு துண்டாக உதிர்ந்து, எண்ணெயை உறிஞ்சும் வலையில் போய் ஒட்டியிருந்தது. வலையின் பாதி அடைபட்டிருந்தது. கசிவை மறைக்கப் போட்ட பசை, எஞ்சினின் தொண்டையை நெரித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது, பேரிங்குகள். சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. போதிய எண்ணெய் எட்டவில்லை என்பதற்கு அது அடையாளம். "எண்ணெய் விளக்கு ஒருநாளும் எரியலையே பாய்" என்றார் சகோதரர். அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதில்லை; அழுத்தம் விழுந்த பிறகே எரியும் என்று பாய் விளக்கினார். அது எரியும்போது பெரும்பாலும் சேதம் தொடங்கியிருக்கும். ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: விளக்கை நம்பியிராதீர்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் அளவுக்கம்பியைப் பாருங்கள். இரவில் வண்டியின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அது உண்மையைச் சொல்லும்.

சிலிண்டர் போர் அளவு வரம்புக்குள் இருந்ததால் ரிங்குகள் மாத்திரம் மாற்றப்பட்டன. பேரிங், பேக்கிங், சீல், கிளட்ச் பிளேட் எல்லாம் புதிது. பிரீதர் குழாயைச் சுத்தம் செய்தார்கள். சம்ப்பைத் திரும்ப மாட்டும்போது பாய் தன் உதவியாள் பையனுக்குச் சொன்னது என் காதில் விழுந்தது: "ரொம்ப முறுக்காதே. முறுக்கினா தகடு வளையும், வளைஞ்சா அங்கேயும் ஒழுகும். நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, கொஞ்சம் கொஞ்சமா." ஒழுக்கத்தைக் காக்க இறுக்கினால் போதும் என்று நினைக்கும் பெற்றோரும் ஆயர்களும் அந்தச் சொல்லை நினைவில் வைப்பது நல்லது.

இனி, இந்தச் சிந்தனையை எழுத வைத்த காரியத்துக்கு வருகிறேன். வேலை முடிய 11 நாள் ஆயிற்று. பட்டறைக் கணக்கு 42,000 ரூபாய். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருந்தது: அந்த 11 நாளும் வருமானம் இல்லை. பலாப் பருவம் தொடங்கும் நேரம். வாடிக்கையாளர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டால் அடுத்த பருவமும் போகும். கடன் தவணை நாள் மாறாது. மூத்த மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓராண்டாக எண்ணெய் ஊற்றி ஊற்றி ஓட்டியவர் சோம்பேறி அல்ல; அறியாதவரும் அல்ல. கசிவு எங்கே போய் முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பயந்தது பழுதுக்கு அல்ல, நிற்பதற்கு. நின்றால் யார் சோறு போடுவார்கள் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அவர் அங்கமாயிருக்கும் சபையாகிய நாமும் பதிலாயிருக்கவில்லை.

லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும்படி கட்டளையிடும் தேவன், அதைக் கேட்கிற விவசாயியின் மனதில் எழும் கேள்வியையும் தாமே எடுத்துச் சொல்கிறார்: விதைக்காமலும் சேர்க்காமலும் இருந்தால் எதைப் புசிப்போம்? அந்தக் கேள்வியை அவர் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. ஆறாம் ஆண்டின் விளைச்சலைக் கொண்டு அதற்கு வழியையும் வைக்கிறார். நிற்கச் சொல்கிற தேவன், நிற்கும் காலத்துக்கு உணவையும் யோசித்தே சொல்கிறார். நாமோ பிரசங்க பீடத்திலிருந்து, "உன் வாழ்க்கையைத் திறந்து காட்டு, சரிசெய்துகொள், மனந்திரும்பு" என்று சொல்லிவிட்டு, திறந்து போட்டவன் அந்த 11 நாளை எப்படிக் கடப்பான் என்று யோசிப்பதில்லை. மூடி வைப்பவனைக் கடிந்துகொள்ளச் செலவில்லை. திறந்தவனோடு நிற்கத்தான் செலவு.

இதற்கு மாற்றுக் கருத்து உண்டு என்பதை அறிவேன். "பழைய வண்டிக்கு இத்தனை செலவா? கழித்துக்கட்டிவிட்டு வேறு வாங்கலாமே" என்று நம் சபையில் சிலரே கேட்டார்கள். சில வேளைகளில் அதுவே சரி. எஞ்சின் பிளாக் வெடித்திருந்தால், சேசிஸ் துருப்பிடித்து அறுந்திருந்தால், பணத்தைக் கொட்டுவது விவேகம் அல்ல. சரக்கு வண்டிக்கு 8 ஆண்டுக்குப்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்ற விதியும் நியாயமானதே. சாலையில் நடக்கிற மற்றவருடைய உயிரும் உயிர்தான். அதேபோல எல்லாக் கசிவுக்கும் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. டப்பெட் கவர் பேக்கிங் மட்டும் போயிருந்தால் ஒரு மணி நேர வேலை. எது சிறியது, எது பெரியது என்று கழுவிப் பார்த்த பிறகே தெரியும். பார்க்காமலே "ஒன்றுமில்லை" என்பதும், பார்க்காமலே "இனி உதவாது" என்பதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். மனிதரைப் பற்றியும் இவ்விரண்டையும் நாம் சொல்லியிருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வேப்பமரத்தடியில் விழுந்த எண்ணெய் அந்த வண்டிக்காரரின் சொந்த விஷயமாய் நின்றுவிடவில்லை. மழை அதைச் செம்மண்ணுக்குள் கொண்டுபோகிறது. நம் கைபம்பு அங்கிருந்து இருபது அடியில் இருக்கிறது. கழித்த எஞ்சின் எண்ணெய் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அபாயகரமான கழிவு. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டியது. அதைச் சாக்கடையிலோ வரப்பிலோ ஊற்றாதீர்கள். டின்னில் சேர்த்து வைத்து, முறையாக வாங்கிச் செல்பவரிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

சபையாரே, நான் ஒரு காரியத்தை அடுத்த மாதச் சபைக் குழுவின் முன் வைக்கப் போகிறேன். அதற்கு முன் உங்கள் முன்னும் வைக்கிறேன். நம் சபையில் ஆட்டோ, வேன், டிராக்டர், தையல் இயந்திரம், மாவு அரைக்கும் இயந்திரம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவர்கள் பிழைப்புக்குரிய பொருள் பழுதுபார்க்க நிற்கும் நாட்களுக்கென ஒரு சிறு நிதி வேண்டும். பட்டறைச் செலவுக்கு அல்ல. நின்ற நாட்களின் சோற்றுக்கு. வட்டியில்லாமல், பருவம் முடிந்தபின் திருப்பித் தரும்படி. இரண்டாவதாக, சபை வேலைக்கு ஒருவருடைய வண்டியை எடுத்தால் டீசலோடு தேய்மானத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இலவசமாய்ப் பெற்று வந்ததை நாம் அன்பு என்றோம். அதில் ஒரு பகுதி நம் அலட்சியம்.

அந்த 11 நாட்களில் மூன்று சகோதரர்கள் கேட்காமலே முன்வந்தார்கள். ஒருவர் தம் வேனை அதிகாலை இரண்டு மணி நேரம் கொடுத்தார். முக்கியமான இரண்டு வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போகாமல் அது காத்தது. ஒருவர் அரிசி மூட்டை ஒன்றை இரவில் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஒருவர் பட்டறைக்கு நாள்தோறும் தேநீர் வாங்கிப் போய் அவரோடு உட்கார்ந்திருந்தார். மாற்கு சுவிசேஷத்தில் திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து, படுக்கையோடு இறக்கிய நால்வரை நினைத்துக்கொண்டேன். அந்த மனிதனுடைய விசுவாசத்தை அல்ல, சுமந்தவர்களுடைய விசுவாசத்தை இயேசு கண்டார் என்று நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். நான்காவது ஆளின் இடம் நம் சபையில் காலியாக இருந்தது. அது ஆயரின் இடம்.

பன்னிரண்டாம் நாள் காலை எஞ்சின் ஓடியது. பாய் மறுபடியும் எண்ணெய் மூடியைக் கழற்றிக் காட்டினார். மெல்லிய ஆவி மாத்திரம். "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பாரம் குறைச்சு ஓட்டுங்க. அப்புறம் எண்ணெயை மாத்திடுங்க. புது ரிங் உட்கார நாள் ஆகும்" என்றார். சரிசெய்யப்பட்டவர்மேல் உடனே முழுப் பாரத்தையும் ஏற்றலாகாது என்பதையும் அன்று கற்றுக்கொண்டேன்.

கடந்த ஞாயிறு ஆராதனைக்குமுன் ஆலய உதவியாளரும் நானும் வேப்பமரத்தடி மண்ணைத் தோண்டி அள்ளினோம். கறுப்பு ஓரடி ஆழம் இறங்கியிருந்தது. அள்ளியதைச் சாக்கில் கட்டித் தனியே வைத்துவிட்டுப் புதிய மண் நிரப்பினோம். வண்டி வந்து அதே இடத்தில் நின்றது. ஆராதனை முடிந்ததும் சகோதரர் குனிந்து அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். மண் காய்ந்திருந்தது.

இந்த வாரம் உங்களில் யாருக்காவது எதையேனும் நிறுத்தித் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இருந்து, நிற்கப் பயமாயிருந்தால், என்னிடம் வாருங்கள். இம்முறை ஜெபத்துக்கு முன்பே கேட்பேன்.

ஜெபிப்போம்: அன்பின் பரம தகப்பனே, நாங்கள் மண் போட்டு மூடிய இடங்களை எங்களுக்குக் காட்டும். திறந்து காட்டத் துணிகிறவர்களை நாங்கள் தனியே விட்டுவிடாதபடி எங்கள் கைகளையும் பைகளையும் திறந்தருளும். நிற்கிறவர்களின் வீடுகளில் அடுப்பு அணையாதிருக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.